கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

உங்கள் கேள்வி இது: வீடியோ எடிட்டிங்கும் இடையிடையே விளையாட்டும் ஓடுகிற 15.6 அங்குல லேப்டாப், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, விசிறி இரைகிறது, பிறகு வேகமும் குறைகிறது. லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேடில் இரண்டு விசிறி உள்ளது போதுமா, ஆறு விசிறி உள்ளதை வாங்க வேண்டுமா?

விசிறிகளின் எண்ணிக்கை கிடக்கட்டும். முதலில் லேப்டாப்பை அணைத்து மூடி, மேசைமேல் ஒரு துணியை விரித்துக் கவிழ்த்து வையுங்கள். எந்த பேட் உங்களுக்கு உதவும், எது உதவாது என்பது பாதிக்கு மேல் அந்த அடிப்பாகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஐந்து விசிறி, நீல விளக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு என்று பார்க்க அட்டகாசமான பேட் ஒன்றை வாங்கினேன். ஒரு வாரம் பெருமையாக வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. பேட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெப்பநிலை அதேதான். ஒரே வீடியோவை ஏற்றுமதி செய்ய எடுத்த நேரமும் அதேதான். கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. என் லேப்டாப்பில் காற்று உள்ளே போகும் துளைகள் திரையின் கீலை ஒட்டி, பின்பக்கம் இருந்தன. பேடின் விசிறிகள் ஐந்தும் நடுவிலும் முன்பக்கமும் இருந்தன. அவை பேட்டரியின் அடியிலும் துளையே இல்லாத பிளாஸ்டிக் பரப்பிலும் ஊதிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு, பேடின் பின்சட்டம் உண்மையான துளைகளில் பாதியை அடைத்துக்கொண்டும் இருந்தது. வாசலை விட்டுவிட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

லேப்டாப் தன்னை எப்படிக் குளிர்வித்துக்கொள்கிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிராசஸர் மேலும் கிராஃபிக்ஸ் சிப் மேலும் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து தட்டையான செம்புக் குழாய்கள் ஓரம் வரை ஓடும். அந்தக் குழாய்கள் வெறும் உலோகம் அல்ல. பெரும்பாலும் அவற்றுக்குள் குறைந்த அழுத்தத்தில் துளி நீர் அடைத்திருப்பார்கள். சிப்பின் சூட்டில் அது ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே குளிர்ந்து நீராகி, குழாயின் உட்சுவர் வழியே ஊறித் திரும்பி வரும். மறுமுனையில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். விசிறி அடியிலிருந்து காற்றை உறிஞ்சி அந்தப் பற்களின் இடுக்கு வழியே வெளியே தள்ளுகிறது. கொல்லனின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது சூட்டை வெளியேற்றுகிறது.

ஆக, வெளியிலிருந்து ஒரு பேட் செய்யக்கூடியது அந்த உள்விசிறிக்குத் தாராளமாகக் காற்றைக் கொண்டுவந்து கொடுப்பதும், அடிப்பலகையின் சூட்டைக் கொஞ்சம் தணிப்பதும்தான். பேட் காற்றைக் குளிர்விப்பதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் தள்ளுகிறது. அறை 35 டிகிரியில் இருந்தால், எத்தனை விசிறி வைத்தாலும் 35 டிகிரிக் காற்றுதான் உள்ளே போகும். பெட்டியில் ‘ஐஸ்’ என்றும் ‘ஆர்க்டிக்’ என்றும் எழுதியிருப்பதைப் படித்து மயங்க வேண்டாம்.

சரி, கவிழ்த்தாயிற்று. எங்கே துளைகள் இருக்கின்றன, எங்கே துளை போலத் தோன்றும் வெறும் வரிகள் இருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அழகுக்காகப் பள்ளம் மட்டும் வெட்டி, பின்னால் மூடியே விட்டிருக்கும் மாடல்கள் உண்டு. உண்மையான துளை என்றால் உள்ளே விசிறியின் இறக்கைகளோ வலையோ தெரியும். அடுத்து லேப்டாப்பை நிமிர்த்தி, இயக்கி, கனமான வேலை ஒன்றைக் கொடுத்து விசிறி வேகம் பிடிக்கும்வரை காத்திருங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் விரலளவு கிழித்து, ஒவ்வொரு துளைக்கும் அருகே கொண்டுபோங்கள். லேப்டாப்பின் ஓரத்தை லேசாகத் தூக்கி அடியிலும் காட்டுங்கள். காகிதம் போய் ஒட்டிக்கொண்டால் அது காற்று உள்ளே போகும் வழி. படபடத்து விலகினால் வெளியே வரும் வழி. இரண்டே நிமிட வேலை. கடைக்காரரால் சொல்ல முடியாததை இந்தக் காகிதத் துண்டு சொல்லிவிடும்.

இதில் மூன்று விதமான விடைகள் வரலாம். அடியில் பெரிய துளைகள் இருந்து அங்கே காகிதம் ஒட்டினால் பேடுக்கு வேலை இருக்கிறது. அடிப்பாகம் மூடிய தகடாக இருந்து, காற்று விசைப்பலகை வழியாகவோ கீல் பக்கமிருந்தோ போகிறதென்றால், அடியில் ஊதி அதிகப் பயன் இருக்காது. பலகையின் சூடு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மூன்றாவது, விசிறியே இல்லாத லேப்டாப். 2020-இல் எம்1 சிப்புடன் வந்தது முதல் மேக்புக் ஏர் அப்படித்தான் இருக்கிறது. அதன் அலுமினிய உடலே சூட்டைப் பரப்பி வெளியேற்றுகிறது. அதற்கு அடியில் மெதுவாகக் காற்று ஓடினால் நீண்ட நேர வேலையில் ஓரளவு கைகொடுக்கும். ஆனால் உறிஞ்சும் துளையே இல்லாததால், அழுத்தத்தோடு ஊதும் பெரிய பேட் அதற்கு வீண்.

எதையும் வாங்கும் முன் செலவே இல்லாத ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பாட்டில் மூடிகளை எடுத்து, பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் வையுங்கள். மூடிகள் துளைகளை மறைக்கக் கூடாது. பெரும்பாலான லேப்டாப்புகளின் ரப்பர் கால்கள் சில மில்லிமீட்டர் உயரம்தான். அந்தச் சந்து வழியாகத்தான் விசிறி மூச்சு விட்டாக வேண்டும். பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் தூக்கிவிட்டாலே பல லேப்டாப்புகளின் இரைச்சல் காது கேட்கக் குறையும். அந்தப் பேரழகு பேடை நான் ஓரங்கட்டிய பிறகு, அதே லேப்டாப்பை இரண்டு மூடிகள் மேல் வைத்தே ஒரு வருடம் ஓட்டினேன். கூச்சமாக இருந்தது என்றாலும், ஐந்து விசிறிகளும் சாதிக்காததை அவை சாதித்தன.

இந்தச் சோதனையின் பலனை அளக்கத் தெரிய வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். விண்டோஸ் என்றால் ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ அல்லது கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் போதும், லினக்ஸில் எல்.எம்.சென்சார்ஸ் இருக்கிறது. ஒரே அறையில், ஒரே வேளையில், ஒரே வேலையை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிட எண்களை நம்பாதீர்கள். செம்பும் உடலும் சூடேறி நிலைக்கு வர நேரம் பிடிக்கும். முக்கியமாக, வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இன்றைய சிப்புகள் ஒரு வெப்ப வரம்பு வரை தம் வேகத்தைத் தாமே ஏற்றிக்கொள்ளும். பல இன்டெல் லேப்டாப் சிப்புகளுக்கு அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸ்; பல ஏ.எம்.டி. சிப்புகளுக்கு 95 அல்லது அதை ஒட்டி. வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப் அரை மணி நேரத்தில் தளர்வது பெரும்பாலும் இதனால்தான். இப்போது நல்ல பேட் ஒன்றை வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிப்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. உடனே அது அந்த இடத்தையும் பயன்படுத்தி வேகத்தை ஏற்றிக்கொண்டு, மறுபடி அதே 95-இல் போய் நிற்கிறது. திரையில் எண் மாறவில்லை. ‘பேட் வேலை செய்யவில்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் 2.8 கிகாஹெர்ட்ஸில் முனகிக்கொண்டிருந்த சிப் 3.2-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே வெப்பநிலையோடு வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட எளிய வழி, ஒரே வீடியோவை மூன்று முறை ஏற்றுமதி செய்து கடிகாரத்தைப் பார்ப்பது: வெறும் மேசையில் ஒருமுறை, மூடிகள் மேல் ஒருமுறை, பேட் மேல் ஒருமுறை. கனமான வேலையின் நடுவே 90 என்ற எண்ணைக் கண்டு பதறவும் வேண்டாம். சும்மா பக்கங்களைப் படிக்கும்போதே 80-ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

மூடிகள் வைத்ததும் நல்ல மாற்றம் தெரிந்தால், உங்கள் லேப்டாப் காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். துளிகூட மாற்றம் இல்லையென்றால் உள்ளே கோளாறு இருக்கலாம். மூன்று வருடம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

ஏறத்தாழ அதே வயதுள்ள ஒரு லேப்டாப்பை நண்பருக்காகத் திறந்தபோது கண்டதைச் சொல்கிறேன். விசிறி பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தது. திருகுகளைக் கழற்றி விசிறியைத் தூக்கியதும், அதற்கும் அந்த உலோகச் சீப்புக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. தூசியும் நூலும் தலைமுடியும் அழுந்தி அழுந்தி கம்பளித் துணி போலவே ஆகியிருந்தது. இடுக்கியால் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். சீப்பின் முழு அகலத்துக்கும் கிழியாமல், நாடா உரிவதுபோல் உரிந்து வந்தது. அதன் ஒரு பக்கத்தில் உலோகப் பற்களின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. வெளியே போகும் வழியில் இப்படி ஒரு போர்வை கிடக்கும்போது, அடியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் காற்று எங்கே போகும்? அதை எடுத்ததும் விசிறி பழைய அமைதிக்குத் திரும்பியது. நண்பர் வாங்குவதற்காகத் தேர்ந்து வைத்திருந்த பேட் தேவைப்படவே இல்லை.

நீங்களே திறப்பதென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுத்து, உள்ளே போனதும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அழுத்தக் காற்றை அடிக்கும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காமல் சுழலவிட்டால் பேரிங் கெடும். சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் சில வருடங்களில் காய்ந்துபோகும். கை நடுங்குகிறவர்கள் அதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவது நல்லது. வாரன்டி இன்னும் இருந்தால், திறப்பதற்கு முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகும் சூடு தணியவில்லையா? இப்போது பேடுக்கு வருவோம்.

சந்தையில் அதிகம் இருப்பது திறந்த வகை. உலோக வலைக்கு அடியில் இரண்டு முதல் ஆறு விசிறிகள், யூ.எஸ்.பி. வயரில் ஓடும். காற்று லேப்டாப்பின் அடியில் மோதி, பெரும்பகுதி பக்கவாட்டில் சிதறிவிடும். துளைக்குள் போவது சிறு பங்குதான். துளைகளுக்கு நேராக விசிறி அமைந்தால் ஓரிரு டிகிரியிலிருந்து ஐந்தாறு டிகிரி வரை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் இந்த வகையை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். அடிப்பலகையை ஒட்டியிருக்கும் பேட்டரிக்கும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் இந்தக் காற்று நன்மை செய்யும். லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி.

இதில்தான் உங்கள் ‘இரண்டா, ஆறா’ கேள்விக்கு விடை. 140 மி.மீ. விசிறி ஒன்றின் பரப்பு, 70 மி.மீ. விசிறிகள் நான்கின் பரப்புக்குச் சமம். அப்படியானால் ஆறு குட்டி விசிறிகள் சேர்ந்தாலும் ஒன்றரைப் பெரிய விசிறிக்குத்தான் ஈடு. குட்டி விசிறி அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும். கொசு ரீங்காரம் போன்ற கீச்சுச் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று தணிந்த குரலில் இரையும். காது அதைச் சீக்கிரம் மறந்துவிடும். இரைச்சலை டெசிபலில் போட்டிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கும். 20-க்கும் 30-க்கும் ‘பத்துதானே வித்தியாசம்’ என்று விட்டுவிடக் கூடாது.

மின்சாரக் கணக்கும் இருக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று விதிப்படி கொடுப்பது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட், 3.0 என்றால் 4.5 வாட். இதற்குள் ஆறு விசிறிகளும் பட்டை பட்டையாக விளக்குகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். வண்ண விளக்குகள் பற்றி என் கருத்தைக் கேட்டால் கோபம்தான் வரும். பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றின் அளவும், எதிரே தடை எதுவும் இல்லாதபோது அளந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். லேப்டாப்பின் நுண்துளைகளுக்குள் நுழையக் காற்றின் அளவைவிட அழுத்தம்தான் முக்கியம்.

அந்த அழுத்தத்தைத் தருவது இரண்டாவது வகை. பேடின் மேல் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஃபோம் வளையம். அதன்மேல் லேப்டாப் அழுந்தி உட்காரும். உள்ளே வலுவான விசிறி ஒன்று இருக்கும். அதற்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். பக்கவாட்டில் கசிய வழியில்லாததால் காற்று வேறு வழியின்றித் துளைக்குள்தான் புகுந்தாக வேண்டும். அடியில் தாராளமான துளைகள் உள்ள கனரக விளையாட்டு லேப்டாப்புகளில் இது பத்து டிகிரியும் அதற்கு மேலும் குறைப்பதுண்டு. விலையாக நீங்கள் கொடுப்பது அமைதியை. முழு வேகத்தில் வாக்குவம் கிளீனர் நினைவுக்கு வரும். ஹெட்ஃபோன் மாட்டாமல் உட்கார முடியாது. காற்றோடு தூசியையும் அழுத்தி உள்ளே அனுப்பும் என்பதால், கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இல்லாத பேடைத் தொடவே வேண்டாம். அடியில் காற்று வெளியேறும் துளை உள்ள லேப்டாப்புகளுக்கு இது எதிரி. டிஷ்யூ சோதனையில் அது தெரிந்திருக்கும். ஃபோம் வளையத்தின் அளவும் பொருந்த வேண்டும். 17 அங்குலத்துக்கான வளையத்தின்மேல் 14 அங்குலத்தை வைத்தால் ஓரமெல்லாம் கசியும். திரையின் அங்குலத்தை நம்பாமல், லேப்டாப்பின் நீள அகலத்தை அளவுகோலால் அளந்துகொண்டு போங்கள்.

வெளியேறும் துளையில் கவ்விக்கொண்டு சூடான காற்றை உறிஞ்சும் சிறு கருவிகளும் விற்கின்றன. துளையின் வடிவத்தோடு இம்மியும் பிசகாமல் பொருந்தினால்தான் பயன். இப்போதைய லேப்டாப்புகளில் வெளியேறும் வழி இரண்டு மூன்று இருக்க, ஒன்றில் மட்டும் கவ்வி என்ன செய்வது? எனக்கு ஒருபோதும் ஒத்துவந்ததில்லை. மின்சாரத்தால் தகட்டைச் சில்லென்றாக்கும் பெல்டியர் வகை, ஈரப்பதம் உள்ள அறையில் தகட்டின்மேல் நீர் கோக்கும். ஐஸ் பையை அடியில் வைப்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை.

சின்ன விஷயங்கள் சில. பேடின் விசிறிகளும் எங்கிருந்தாவது காற்றை இழுக்க வேண்டுமல்லவா? அதை மெத்தைமேல் வைத்தால் முதலில் மூச்சு முட்டுவது பேடுக்குத்தான். படுக்கையில் வேலை செய்பவர் என்றால் பக்கவாட்டில் காற்று வாங்கும் அமைப்பைத் தேடுங்கள், இல்லையேல் அடியில் ஒரு பலகை வையுங்கள். லேப்டாப் வழுக்காமல் இருக்க முன்புறம் ஒரு தடுப்பு இருக்கும். அது உயரமாக இருந்தால் தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டில் அறுக்கும். இரு முனையும் ஒரே மாதிரி, லேப்டாப்பில் செருகும் வடிவத்திலேயே இருக்கும் யூ.எஸ்.பி. வயரோடு சில பேடுகள் வருகின்றன. அது தரமான பழக்கம் அல்ல. தவறிப்போய் அதன் இரு முனைகளையும் இரண்டு கணினிகளில் செருகிவிட்டால் மின்சாரம் எதிர்த்திசையில் ஏறும். பேடில் கூடுதலாக இருக்கும் யூ.எஸ்.பி. துளையில் பென்டிரைவ் செருகலாம், ஹார்டு டிஸ்க் வேண்டாம்.

பேடோடு இன்னொன்றும் செய்யலாம், அதற்குக் காசு இல்லை. விண்டோஸின் மின் அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-இலிருந்து 99 சதவீதமாக மாற்றினால், பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம், அதாவது சிப் தன் வழக்கமான வேகத்துக்கு மேல் தானே ஏற்றிக்கொள்ளும் வேகம், நின்றுவிடும். சூடு சட்டென இறங்கும். வீடியோ ஏற்றுமதி மெதுவாகும் என்பதால் அந்த வேலைக்கு இதைச் சொல்ல மாட்டேன். விளையாட்டின்போது பல நேரம் வித்தியாசமே தெரியாது.

உங்கள் நிலைமைக்கு என் யோசனை: முதலில் மூடிகள், அடுத்து சுத்தம். அதன் பிறகும் ஏற்றுமதி நேரம் குறையாமல், அடியில் தாராளமான துளைகளும் இருந்தால், ஃபோம் வகையை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுங்கள். அதே அறையில் வேறு யாராவது தூங்குகிறார்கள் என்றால், பின்பக்கத் துளைகளுக்கு நேராக வரும் பெரிய விசிறிகள் இரண்டு உள்ள திறந்த பேட் போதும். ஆறு விசிறியை விட்டுவிடுங்கள்.

ஃபோம் வகை வீட்டுக்கு வந்ததும், லேப்டாப்பை அதன்மேல் வைத்து, ஃபோமுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு காகித நறுக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் சரி. எந்தப் பக்கத்திலாவது தடையே இல்லாமல் வழுகி வந்தால் காற்றும் அந்த வழியாகத்தான் போகும். பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.